குரல் பதிவுக்கு எந்த மைக்? பத்துக்குப் பத்து அறையில் வைத்து ஓர் ஒப்பீடு

ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020-இன் சுய இரைச்சல் 20 டெசிபல். அதே நிறுவனத்தின் ஏ.டி.2035-க்கு 12. சென்ஹைசர் எம்.கே.எச்.416-க்கு 13. நாய்மன் டி.எல்.எம்.103-க்கு 7. ரோட் என்.டி.1-க்கு வெறும் 4. குரல் பதிவுக்காகக் கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்து இயக்கும் நுணுக்கமான வகை) வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். கடைக்காரர் முதலில் எடுத்துச் சொல்வதும் இதைத்தான். எந்தச் சத்தமும் இல்லாத இடத்தில் வைத்தாலும் மைக்குக்குள் இருக்கும் மின்சுற்று தானாக எழுப்புகிற 'உஸ்' என்ற ஒலியின் அளவு அது. குறைவாக இருப்பது நல்லதுதான். ஆனால் பத்தாயிரம் ரூபாய் மைக்கா, ஒரு லட்ச ரூபாய் மைக்கா என்பதை இந்த எண் தீர்மானிக்குமா என்றால், பெரும்பாலான வீடுகளில் தீர்மானிக்காது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அதற்கு முன் ஒன்று. விளம்பரம், நிறுவனக் காணொளி, இணையவழிப் பாடம், ஒலிநூல் என்று தமிழில் குரல் கொடுத்துச் சம்பாதிக்கிறவர்களையும், அந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சாலிகிராமத்திலோ வடபழனியிலோ மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஸ்டூடியோவில் பேசிய காலம் முழுதாக மறைந்துவிடவில்லை. என்றாலும் 'வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பிவிடுங்கள்' என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் பெருகிவிட்டார்கள். அந்த வீடு பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு படுக்கையறை. பத்தடிக்குப் பத்தடி. கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, தலைக்கு மேல் மின்விசிறி.

சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். தூரம் பாதியாகக் குறையும்போதெல்லாம் 6 டெசிபல் கூடும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, அதாவது 20 சென்டிமீட்டர் விட்டால், மைக்கை அடைவது சுமார் 74 டெசிபல். இது நம் கையிருப்பு. இனி செலவைப் பார்ப்போம். மின்விசிறியை நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, ஜன்னலைச் சாத்திய பிறகு, நள்ளிரவில், நகரத்து அறை ஒன்று 30 டெசிபலுக்கு இறங்கினாலே அதிர்ஷ்டம். அந்த அறையில் 20 டெசிபல் சுய இரைச்சல் உள்ள மைக்கை வைத்தால் மொத்த இரைச்சல் எவ்வளவு? டெசிபல்களை நேராகக் கூட்டக் கூடாது. ஆற்றல் கணக்கில் கூட்ட வேண்டும். விடை 30.4. சரி, 4 டெசிபல் மைக்கை வைத்தால்? 30.01. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை டெசிபல்கூட இல்லை. எந்தக் காதும் இதைக் கண்டுபிடிக்காது.

இதே இரண்டு மைக்குகளையும் நன்றாகக் கட்டிய, 20 டெசிபல் அமைதி உள்ள பதிவு அறைக்குள் கொண்டுபோனால் கதை மாறும். அங்கே ஒன்றுக்கு 23, மற்றொன்றுக்கு 20.1. மூன்று டெசிபல் வித்தியாசம் ஹெட்ஃபோனில் தெரியும். ஆக, குறைந்த இரைச்சல் மைக்குக்குக் கொடுக்கும் பணம் அறை அமைதியாக இருந்தால்தான் பலன் தரும்.

கணக்கு இத்தோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அறையின் இரைச்சல் பெரும்பாலும் அடிப்பக்கத்து உறுமல். லாரி, லிஃப்ட் மோட்டார், பக்கத்து வீட்டு ஏ.சி. கம்ப்ரசர் போன்றவை. மைக்கின் சுய இரைச்சல் மேல்பக்கத்து 'உஸ்'. உறுமலை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி எறிந்துவிடலாம். 'உஸ்'ஸை அப்படி வெட்ட முடியாது. குரலின் தெளிவும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எனவே ஏ.டி.2020-ஐ வைத்து ஒலிநூல் படிக்கிறவர்கள் 'உஸ் கேட்கிறது' என்று புகார் சொன்னால் அது பிரமை அல்ல. 30 விநாடி விளம்பரத்தில் பின்னணி இசை அதை மூடிவிடும். எட்டு மணி நேர நாவலில் மூடுவதற்கு ஒன்றும் இல்லை.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. செய்தி நடையிலோ கதை நடையிலோ படிக்கும்போது குரல் இயல்பாகவே அந்த இடத்தில் இறங்கும். 'அவர் நேற்று ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்' என்பதில் 'சொன்னார்கள்' வரும்போது குரல் தொடக்கத்தைவிட வெகுவாகத் தணிந்திருக்கும். பதிவு முடிந்து, ஒலியளவைச் சமப்படுத்தும் கம்ப்ரசர் என்னும் கருவியைப் போட்டால் அது தணிந்த பகுதியைத் தூக்கிவிடும். கூடவே அறையின் இரைச்சலையும் தூக்கும். வாக்கியத்தின் முக்கியமான சொல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அழுக்கும் தெரியும். ஆகவே மைக்கைச் சோதிக்கும்போது 'ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று' என்று உரக்கச் சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை. நீண்ட வாக்கியம் ஒன்றைப் படித்துவிட்டு, அதன் கடைசிச் சொல்லை மட்டும் ஒலியைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

எவ்வளவு அமைதி போதும் என்பதற்குக் கையில் ஓர் அளவுகோல் இருப்பது நல்லது. அமேசான் குழுமத்தின் ஒலிநூல் தளமான ஏ.சி.எக்ஸ். வைத்திருக்கும் விதி எளிது. பதிவு தாங்கும் உச்ச அளவைச் சுழியாக வைத்து எண்ணும் டெசிபலில், குரலின் சராசரி அளவு மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், பேசாத இடத்தின் இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. அங்கே தமிழ் நூல் கொடுக்கப்போகிறோமோ இல்லையோ, விதியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். குரலுக்கும் அமைதிக்கும் இடையே சுமார் 40 டெசிபல் இடைவெளி வேண்டும் என்பதே அதன் சாரம். நம் கணக்கில் 74-இலிருந்து 30 போக 44. தேறிவிடுகிறோம், ஆனால் மயிரிழையில். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் அந்த மயிரிழையும் இல்லை. எந்த மைக் வைத்திருந்தாலும் அன்றைக்கு வேலை இல்லை.

சுவரைப் பற்றி இரண்டு வார்த்தை. பத்துக்குப் பத்து அறையின் நீளமும் அகலமும் சமம் என்பதால் இரண்டு திசையிலும் ஒரே அதிர்வெண்ணில் ஒலி தேங்கும்: 56 ஹெர்ட்ஸ், பிறகு அதன் இரட்டிப்பான 112. ஆண் குரலின் அடிப்படைச் சுருதி பலருக்கும் இந்த 112-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போன்ற ஒலி வருவதற்குக் காரணம் இதுதான். மைக்கை மாற்றினால் போகாது. முட்டை அட்டை எதற்கும் உதவாது. பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் மேல்சுருதிகள் மட்டும் அடங்கும். அறை இன்னும் மந்தமாகக் கேட்கும். தடிமன்தான் முக்கியம். நான்கு அங்குல இலவம்பஞ்சு மெத்தையைப் பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் உடனே கேட்கும். மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரைத்தான் என்பதால் மெத்தை அங்கேதான் இருக்க வேண்டும், மைக்கின் பின்னால் அல்ல. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைப்பதும் உதவும். தச்சரிடம் சொல்லி நான்கு அங்குல ராக்வுல் (பாறை இழை) பலகைகளை மரச்சட்டத்தில் அடைத்துத் துணி போர்த்தி வாங்கினால் அதைவிட நன்று. இதற்கு ஆகும் செலவை மைக் செலவின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது மைக்குகளுக்கு வருவோம். விலை மாதத்துக்கு மாதம் ஆடும். ஆகவே தோராயமாகத்தான் சொல்கிறேன்.

பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் ஏ.டி.2020. உறுதியான கட்டுமானம், 144 டெசிபல் வரை சத்தம் தாங்கும். தாளத்துக்கும் கிடாருக்கும் அது நல்ல குணம். குரல் கொடுக்கிறவர் 144 டெசிபலில் கத்தப்போவதில்லை. பெட்டியில் வருவது ஸ்டாண்டில் மாட்டும் பிடி மட்டுமே, அதிர்வைத் தடுக்கும் ஷாக் மவுண்ட் கிடையாது. மேஜையில் முழங்கை பட்டால் 'தொம்' என்று பதிவாகும். ஷாக் மவுண்டைத் தனியாக வாங்கிக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஏ.டி.2035-இன் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். அந்த 2035-இல் ஷாக் மவுண்ட் உடன் வருகிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் சுவிட்ச் மைக்கின் உடலிலேயே இருக்கிறது. இரைச்சலும் 8 டெசிபல் குறைவு. எனவே இந்த விலை மட்டத்தில் 2020-ஐ நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்து 2035. இரண்டாயிரம் ரூபாய்க்கு வலையில் கிடைக்கும் பி.எம்.800 வகையறாக்களைப் பற்றிப் பேச வேண்டாம்; பெரிய மைக் போன்ற கூட்டுக்குள் பெரும்பாலும் பட்டன் அளவு மலிவான எலக்ட்ரெட் மைக் துண்டுதான் இருக்கும்.

இருபது முதல் இருபத்தைந்தாயிரம் வரை செலவழிக்க முடிந்தால் ரோட் என்.டி.1. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தயாராகிறது. இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. கடையில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கலாம். என்.டி.1-ஏ என்பது வேறு, என்.டி.1 என்பது வேறு. வெள்ளி நிறத்து என்.டி.1-ஏ பழைய வடிவம். 5 டெசிபல் இரைச்சல், ஆனால் மேல்சுருதி தூக்கலாக இருக்கும். ச, ஸ, ஷ மூன்றும் அதில் ஊசியாகக் குத்தும். பெண் குரலாக இருந்தால் இன்னும் அதிகம். ஏ இல்லாத என்.டி.1 சமனான ஒலி கொண்டது. 2023-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில், ஸ்டூடியோ மைக்குகளுக்கான மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். இணைப்புக்குள்ளேயே யு.எஸ்.பி.-சி முனையையும் வைத்துவிட்டார்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ் வாங்கக் கையில் காசு இல்லாத முதல் சில மாதங்களுக்குக் கணினியில் நேராகச் செருகிக்கொள்ளலாம், பிறகு எக்ஸ்.எல்.ஆருக்கு மாறலாம். யு.எஸ்.பி. வழியில் 32 பிட் ஃப்ளோட் பதிவும் உண்டு. திடீரென்று உரக்கக் கத்த வேண்டிய வசனத்தில் அளவு தாண்டினாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்பது அதன் பயன். ஷாக் மவுண்ட், 'ப' வெடிப்பதைத் தடுக்கும் பாப் ஃபில்டர் எல்லாம் பெட்டியிலேயே வருவதால் கூடுதல் செலவு ஸ்டாண்டுக்கு மட்டும்தான். இது பக்கவாட்டில் பேசும் மைக். உடலில் தங்கநிறப் புள்ளி இருக்கும் பக்கம்தான் முன்பக்கம். உச்சியைப் பார்த்துப் பேசிவிட்டு 'மைக் மந்தமாக இருக்கிறது' என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு.

என்.டி.1-இல் குறை இல்லையா? இருக்கிறது. அதற்கென்று குணம் எதுவும் இல்லை. பேசியது பேசியபடி வரும். விளம்பரத் தயாரிப்பாளர்கள் சிலர் எதிர்பார்க்கும் 'முன்னால் வந்து நிற்கும்' ஒலி அதில் தானாகக் கிடைக்காது. சுருதிகளை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் நாம்தான் கொண்டுவர வேண்டும். எனக்கு இது குறையாகப்படவில்லை. குரல்தான் வேலைக்குப் போகிறது, மைக் அல்ல.

அந்த முன்னால் நிற்கும் ஒலியை விலைக்கு வாங்குவதென்றால் நாய்மன் டி.எல்.எம்.103. 1928-இல் கியோர்க் நாய்மன் பெர்லினில் தொடங்கிய நிறுவனம். 1991 முதல் சென்ஹைசரின் கையில் இருக்கிறது. 103 வந்தது 1997-இல். நிறுவனத்தின் புகழ்பெற்ற யு87 மைக்கின் கேப்சூலை (ஒலியைப் பிடிக்கும் பகுதியை) அடியொற்றிய கேப்சூல் இதில் இருக்கிறது. 5,000 ஹெர்ட்ஸ் வரை நேர்க்கோடாகச் செல்லும் ஒலி, அதற்கு மேல் சுமார் 4 டெசிபல் தூக்கல். தடித்த, அடிக்குரல் ஆண்களுக்கு இந்தத் தூக்கல் வரப்பிரசாதம்; சொற்கள் கத்தரித்தாற்போல் வந்து விழும். ஏற்கெனவே கூர்மையான குரலுக்கு இதுவே தொல்லை, ஏனென்றால் 'ஸ்' ஒலி உட்காரும் இடமும் அதே 5,000-க்கு மேல்தான். தமிழ் விளம்பர வசனங்களைக் கேட்டுப் பாருங்கள்: பாதி பிராண்டுகளின் பெயரில் ஸ், ஷ், ஜ இருக்கும். டி-எஸ்ஸர் என்னும் கருவியைப் போட்டு அடக்கலாம். லட்ச ரூபாயைத் தாண்டிக் கொடுத்து வாங்கிய பிரகாசத்தை மென்பொருள் போட்டு மழுக்குவானேன் என்ற கேள்வி எழும். 103-இல் அடிச்சுருதியை வெட்டும் சுவிட்சும் கிடையாது. நம் அறைகளில் அந்த சுவிட்ச் தேவை. 'நாய்மன் வைத்திருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வதற்காகவே இதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளருக்குக் கேட்பது மைக்கின் பெயர் அல்ல.

எம்.கே.எச்.416 முற்றிலும் வேறு இனம். படப்பிடிப்புத் தளங்களில் பூம் கம்பியின் நுனியில் பஞ்சுறை போட்டுத் தொங்குகிறதே, அந்த நீளமான குழாய் மைக். நீளம் 25 சென்டிமீட்டர். வெளிப்புறப் படப்பிடிப்புக்காகச் செய்யப்பட்டது, அமெரிக்காவில் திரைப்பட முன்னோட்டங்களுக்கும் தொலைக்காட்சி அறிவிப்புகளுக்கும் குரல் கொடுக்கிறவர்களின் விருப்ப மைக் ஆகிவிட்டது. காரணம், அதன் நடுச்சுருதிகள் அழுத்தமானவை. பின்னணி இசையும் வெடிச்சத்தமும் சேர்ந்தாலும் சொல் அமிழ்ந்துபோகாது. விலை டி.எல்.எம்.103-க்குச் சற்றுக் கீழே.

'குழாய் மைக் பக்கத்துச் சத்தத்தை எடுக்காது, எனவே மோசமான அறைக்கு அதுதான் மருந்து' என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. பக்கவாட்டில் உள்ள வெட்டுகள் வழியாக நுழையும் ஒலியை, நேராக வரும் ஒலியோடு மோதவிட்டு அழிப்பதுதான் அந்தக் குழாயின் வேலை. குழாயின் நீளத்தைவிடப் பெரிய அலைகளை அதனால் அப்படி அழிக்க முடியாது. ஆகவே மேல்சுருதிகளில்தான் அது குறுகலாகக் கேட்கிறது. கீழே போகப்போகச் முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும் சாதாரண சூப்பர்கார்டியாய்டு மைக்கைப் போலவே நடந்துகொள்ளும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள சிறிய அறையில் எதிரொலியின் ஒரு பகுதியை விழுங்கி, மறுபகுதியை அப்படியே விட்டுவிடும். கிடைப்பது உள்ளீடற்ற, விநோதமான அறை ஒலி. மெத்தை, ராக்வுல் எல்லாம் வைத்து அடக்கிய அறையில் மட்டும் 416 தன் விலைக்கு நியாயம் செய்யும். வைக்கும் விதமும் வேறு: நெற்றி உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, நுனி வாயை நோக்கிச் சரிவாகப் பார்க்க வேண்டும். முகத்துக்கு நேரே குத்திட்டு வைத்தால் 'ப' ஒவ்வொன்றும் வெடிக்கும். தலையை ஒரு கையகலம் திருப்பினாலே ஒலி மாறிவிடும் என்பதால், கையை ஆட்டித் தலையை ஆட்டி நடித்துப் பேசுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

416-க்கு ஆதரவாக நம் கடற்கரை ஊர்களில் ஒரு பலமான வாதம் இருக்கிறது: ஈரம். வழக்கமான கண்டென்சர் மைக்கில் மெல்லிய ஜவ்வுக்கும் அதன் பின்தகட்டுக்கும் இடையே மின்னூட்டம் நிற்கிறது. சுற்று மிக உயர்ந்த மின்தடையில் வேலை செய்கிறது. அங்கே ஈரப்பதம் படிந்தால் மின்னூட்டம் கசியும். 'பட், பட்' என்று பொரிவது போன்ற சத்தம் வரும். வடகிழக்குப் பருவமழை காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் இது பழக்கமான தொல்லை. 416 ரேடியோ அலை முறையில் இயங்குகிறது. அதன் கேப்சூல் தாழ்ந்த மின்தடையுள்ள உயர் அதிர்வெண் சுற்றில் இருப்பதால் ஈரம் அவ்வளவாகப் பாதிக்காது. கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்து, மழைக்காலத்திலும் தேதி தவறாமல் வேலை கொடுக்க வேண்டியவர் என்றால் 416-ஐ யோசிக்க இது ஒன்றே போதுமான காரணம். மற்ற மைக்குகளுக்குப் பரிகாரம் இருக்கிறது: காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது, ஜெல் நிறம் மாறியதும் மாற்றுவது, ஏ.சி. போட்ட அறையில் குளிர்ந்த மைக்கைச் சட்டென்று வெளிக்காற்றுக்குக் கொண்டுவராமல் இருப்பது.

யு87 பற்றிக் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். 1967-இல் வந்தது, உலகெங்கும் ஸ்டூடியோக்களின் அடையாளம். இப்போது விற்கும் வடிவத்தின் சுய இரைச்சல் 12 டெசிபல், என்.டி.1-ஐவிட 8 அதிகம். விலையோ பத்து மடங்குக்கும் மேல். ஒலியின் தரத்துக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. தனி ஆளாக வீட்டில் குரல் கொடுப்பதற்கு இதை வாங்குவது தேவையில்லாத செலவு. ஸ்டூடியோவில் இருந்தால் பேசி மகிழலாம்.

'கண்டென்சரே வேண்டாம், டைனமிக் மைக் (வெளி மின்சாரம் இல்லாமலே இயங்கும் வகை) வாங்கினால் அறை கேட்காது' என்ற யோசனையையும் கடந்துதான் ஆக வேண்டும். ஷூர் எஸ்.எம்.7பி நல்ல மைக்தான். ஆனால் அறை கேட்காமல் போவதற்குப் பெரும் காரணம், அதை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேசுகிறோம் என்பது. அவ்வளவு நெருங்கினால் எந்த கார்டியாய்டு மைக்கிலும் அறை பின்வாங்கும். எஸ்.எம்.7பி தரும் மின் அளவு ஒரு பாஸ்கலுக்கு (ஒலி அழுத்தத்தின் அலகு) 1.12 மில்லிவோல்ட், 416 தருவது 25. அதாவது 27 டெசிபல் வித்தியாசம். அதை ஈடுகட்ட இன்டர்ஃபேஸில் 60 டெசிபல் வரை ஏற்ற வேண்டியிருக்கும். மலிவான இன்டர்ஃபேஸ் அங்கே சீறும். பாட்காஸ்டில் உட்கார்ந்து பேசுவதற்கு அந்த நெருக்கமான, கனத்த ஒலி அழகு. ஒலிநூலில் பாட்டி, பேரன், கடைத்தெரு, கிசுகிசு என்று மாறி மாறி நடிக்கும்போது நுணுக்கங்களைப் பிடிப்பது கண்டென்சர்தான்.

மின்சாரம் பற்றிக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். எக்ஸ்.எல்.ஆர். வழி இணைக்கும் இந்தக் கண்டென்சர் மைக்குகளுக்கு, கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற சிறிய இன்டர்ஃபேஸ் அதைக் கொடுத்துவிடும். பிரச்சினை அதற்கு முன்னால், சுவர் பிளக்கில் தொடங்குகிறது. மடிக்கணினியின் சார்ஜர் இரண்டு பின் கொண்டதாக இருந்தாலோ, வீட்டு எர்த் சரியில்லாமல் இருந்தாலோ, பதிவில் 'ங்ங்ங்' என்று 50 ஹெர்ட்ஸ் முனகலும் அதன் மடங்குகளும் ஏறும். சார்ஜரைக் கழற்றியதும் முனகல் நின்றுவிட்டால் மைக்கின் மேல் பழி போடாதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மின்வெட்டின்போது வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் வகைதானா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் எந்த விலை மைக்கும் இரையும். மின்வெட்டு நேரத்தில் மடிக்கணினியின் பேட்டரியிலேயே பதிவு செய்துவிடுவது உத்தமம். தெருவே அமைதியாகிவிடும் அபூர்வ வேளையும் அதுதான்.

ஆக, கையில் முப்பதாயிரம் இருக்கிறவருக்கு நான் சொல்வது என்.டி.1 ஐந்தாம் தலைமுறை, மீதிப் பணத்தில் ராக்வுல். பதினைந்தாயிரம்தான் என்றால் 2035, ஒரு நல்ல மெத்தை, இரவுப் பதிவு. இன்டர்ஃபேஸ் செலவு தனி என்பதை மறக்க வேண்டாம். ஒரு லட்சம் இருந்து, அறையையும் அடக்கி முடித்து, விளம்பரமும் முன்னோட்டமும்தான் முதன்மை வேலை என்றால் 416. அதே பணமும் அறையும் இருந்து, குரல் தடித்ததாக இருந்து, ஒலிநூலும் ஆவணப்படமும் அதிகம் என்றால் மட்டும் 103. மெல்லிய, கூர்மையான குரல் உள்ளவர்கள் ஒரு லட்சம் கையில் இருந்தாலும் என்.டி.1-ஐயே முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மைக் வைத்திருக்கும் ஸ்டூடியோவாகப் பார்த்து ஒரு மணி நேரம் எடுங்கள். லட்ச ரூபாய்ச் செலவுக்கு முன் அந்த வாடகை ஒரு பொருட்டே அல்ல. கையோடு உங்கள் வசனத்தைக் கொண்டுபோங்கள். அதில் 'ப்ப'வும் 'ஸ்'ஸும் நிறைந்த விளம்பர வரி ஒன்று, மெதுவாக இறங்கி முடியும் கதை வாக்கியம் ஒன்று, உரத்த அறிவிப்பு ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு மைக்கிலும் ஒரு சாண் தூரத்தில் நேராக ஒரு முறை, சற்றுப் பக்கவாட்டில் ஒரு முறை பேசுங்கள். ஈக்வலைசர், கம்ப்ரசர் எதுவும் போடாமல் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாக் கோப்புகளையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஏனென்றால் சற்று உரத்துக் கேட்பது எதுவானாலும் மேலானது என்று காது ஏமாந்துவிடும். பெயரை மறைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் இடச் சொல்லி, இரண்டு நாள் கழித்து வீட்டில் கேளுங்கள். உங்கள் குரலைத் தெரிந்த ஒருவரை விட்டும் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு மைக்கைப் பற்றி எதுவும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.